கூறையில் ஒரு கோட்

என் உயரத்துக்கு இந்த நாட்டில் யாரும் உடுப்புத் தைப்பதில்லை. குள்ளமான பெண்களுக்கென்று கடைகளில் ஒரு மூலை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், உண்மைதான். அங்கே போய் எடுத்தால் தோள் இறுக்கும். தோளுக்கு அளவானதை எடுத்தால் கை விரல் நுனியையும் தாண்டித் தொங்கும். உடுப்பு மாற்றிப் பார்க்கும் அந்தச் சின்ன அறைகளுக்குள் நின்று இருபது வருடமாக என் உடம்பை நானே திட்டியிருக்கிறேன். பிழை உடம்பில் இல்லை, உடுப்பில்தான் என்பது மண்டைக்குள் ஏற நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. அன்றைக்கு வந்த கோபத்தோடுதான் தையல் மெசின் வாங்கினேன்.

முதலில் கைவைத்தது ஒரு ஆம்பிளைக் கோட்டில். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு சாரிட்டி கடை இருக்கிறது. அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம், நல்ல கம்பளி. வீட்டுக்குக் கொண்டுவந்து தையலெல்லாம் பிரித்து, தோளை உள்ளே எடுத்து, கையைக் குறைத்து, உள்ளுக்கு என்னுடைய பழைய மயில்பச்சைச் சேலையை லைனிங்காகக் கொடுத்தேன். மூன்று வாரம் பிடித்தது. அதைப் போட்டுக்கொண்டு கவுன்சிலுக்கு வேலைக்குப் போன காலை, ரெயில் யன்னல் கண்ணாடியில் ஒரு பெண் தெரிந்தாள். யாரிவள், நல்லாயிருக்கிறாளே என்று நினைத்தேன். நினைத்து முடித்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக நான் வேறெதையும் போட்டதில்லை.

பிறகு யார் என்னைப் பிடிப்பது? திரைச்சீலை பாவாடையாயிற்று. இரண்டு ஜீன்ஸ் சேர்ந்து ஒரு நீளச் சட்டையாயிற்று. என் கணவரின் கழுத்துப்பட்டிகள் நாலும் எனக்கு இடுப்புப்பட்டியாயின. அவருக்கு விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் ஷிப்ட் வேலை. வேலைக்குப் போகும்போது நாற்காலியில் கழற்றிப் போட்ட சட்டை திரும்பி வரும்போதும் சட்டையாகவே இருக்குமா என்று அவருக்கு நிச்சயமில்லை. அதற்காக ஒரு நாளும் சண்டை பிடித்ததில்லை. ஒருமுறை சோபாவில் கிடந்த குண்டூசி குத்தியபோது மட்டும், இது வீடா தையல்கடையா என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அவர் அளந்து பேசுகிற மனிதர். நான் அதற்கும் சேர்த்துப் பேசுகிறவள்.

போன வருடம் எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருடம் முடிந்தது. எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் மாதத்துக்கு ஒருமுறை தமிழ்ப் பூசை உண்டு. வெள்ளிவிழாக் காணும் தம்பதிகளை அடுத்த பூசையில் முன்னுக்குக் கூப்பிட்டு ஆசீர்வதிப்போம் என்று பங்குச் சுவாமி அறிவித்தார். அன்று மத்தியானமே லண்டனின் மற்றக் கோடி, சட்டனிலிருந்து என் அக்கா போன் எடுத்தாள். கல்யாணத்துக்குக் கட்டிய கூறைச் சேலையை எடுத்துக் காற்றாட விட்டேனா, பிளவுஸ் கொள்ளுமா, புதிதாகத் தைக்க வேண்டுமா என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். வெள்ளிவிழாவுக்குப் பெண்கள் கல்யாணக் கூறையை உடுத்திக்கொண்டு போவதுதான் எங்கள் ஆட்களிடம் வழக்கம். அன்றைக்குக் கோயிலில் பார்த்தால், அலுமாரிக்குள் கால் நூற்றாண்டு மடிந்து கிடந்த கோடுகள் எல்லாப் பெண்களிலும் தெரியும்.

கட்டிலுக்கு அடியிலிருந்த சூட்கேசை இழுத்துத் திறந்தேன். அரக்குச் சிவப்பு. கை அகலத்துக்குக் கரை. முந்தானை முழுக்கத் தங்கச் சரிகையில் மாங்காய். எங்கள் கல்யாணம் சென்னையில் நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து நாங்களும், லண்டனிலிருந்து அவரும் வந்து கட்டினோம். காலையில் கோயிலுக்கு வெள்ளைச் சேலை, பின்னேரம் மண்டபத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் எடுத்த இந்தக் கூறை. நான் அதை உடுத்தியது மொத்தம் நாலு மணித்தியாலம். அதில் மூன்று மணித்தியாலம் படத்துக்கு நின்றேன்.

இனி எப்போது உடுத்துவேன்? வெள்ளிவிழாவுக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குக் கூறையை உடுத்துவது மற்றவர்கள்தான், அவள் பெட்டிக்குள் படுத்த பிறகு. இவ்வளவு வடிவான துணி எனக்கென்று இருந்தும், அதைப் போட்டுக்கொண்டு நான் ஒரு கடைத்தெருவில் நடந்ததில்லை, ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தபோது மனதில் ஒரு கோட் எழுந்து நின்றது. முழங்கால் வரை நீளம், நிமிர்ந்த கழுத்து, பொக்கற் இரண்டு, உள்ளே கறுப்புக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை. நெஞ்சு படபடவென்று அடித்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி அடிக்கவில்லை.

அக்காவிடம் சொன்னது பிழை. "உனக்கென்ன விசரே? கூறையை ஆரும் வெட்டுவினமே? நாளைக்கு உனக்கு ஒண்டெண்டால் நாங்கள் என்னத்தை உடுத்தி விடுறது?" என்று அவள் கத்தினாள். செத்த பிறகு என்னத்தை உடுத்தினால் எனக்கென்ன, உயிரோடு இருக்கும்போது எனக்குக் குளிருகிறதே என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

என் கணவரிடமும் கேட்டேன். கேட்காமல் செய்கிற துணிச்சல் எனக்கு இல்லை. ஏனென்றால் அந்தக் கூறையை எடுத்தவர் என் மாமி, அவரின் அம்மா. மாமி போய்ச் சேர்ந்து மூன்று வருடம். மாமிக்கு இங்கே வர விசா கிடைக்கவில்லை, இவராலும் அங்கே போக முடியவில்லை, கடைசியில் மாமியின் முகத்தை இவர் பார்க்கவேயில்லை. அம்மாவின் கையால் வந்த பொருள் என்று இந்த வீட்டில் அதிகம் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்து பார்க்காமல், "உம்மட விருப்பம்" என்றார்.

எங்கள் வீட்டில் உம்மட விருப்பம் என்றால் எனக்கு விருப்பமில்லை என்று அர்த்தம். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வெட்டினேன். நான் நல்லவள் என்று சொல்ல இதை எழுதவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, அவர் ஷிப்டுக்குப் போன பிறகு, வரவேற்பறைத் தளபாடங்களைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கூறையை நிலத்தில் விரித்தேன். யன்னலால் வெயில் விழுந்தது. அறை முழுக்கச் சிவப்பு. முந்தானையிலிருந்து கோட்டின் முன்பக்கத் துண்டுகள் இரண்டு, உடலிலிருந்து முதுகும் கைகளும் என்று கடதாசியில் வரைந்து வைத்திருந்தேன். வழக்கமாகத் துணியை இரண்டாக மடித்து வெட்டுவேன், இடதும் வலதும் தானாகவே வந்துவிடும். சரிகையை மடித்து அழுத்த மனம் வரவில்லை. ஒற்றைத் துணியாகவே வெட்டுவோம் என்று முடிவெடுத்தேன்.

முந்தானையை எடுத்துத் தோளில் போட்டு, கண்ணாடியில் பார்த்து, மாங்காய் எங்கே விழுந்தால் வடிவு என்று குறித்துக் கடதாசியைக் குண்டூசியால் குத்தினேன். மற்றத் துண்டுக்கும் அதே கடதாசியை அப்படியே போட்டுப் பார்த்துக் குத்தினேன். கத்தரிக்கோல் முதல் தடவை கடித்தபோது வந்த சத்தம் எனக்கு முதுகுத்தண்டு வரை கேட்டது. பயமில்லை, சிரிப்புத்தான் வந்தது. தனியாக நின்று பெரிதாகச் சிரித்தேன். இரண்டு துண்டும் எடுத்து நெஞ்சில் வைத்துப் பார்த்தேன்.

இரண்டும் இடது பக்கம்.

இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன், தலைகீழாக வைத்துப் பார்த்தேன். இரண்டும் இடதேதான். பன்னிரண்டு வயதில் தாவணி போட்ட நாளிலிருந்து முந்தானை என்றால் எனக்கு இடது தோள். கண்ணாடிக்கு முன்னால் இரண்டு தடவையும் கை தானாக இடது தோளுக்குத்தான் போயிருக்கிறது. ஒரு வெள்ளைக்காரி இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டாள். அவளுக்கு முந்தானையும் தெரியாது, அது விழ வேண்டிய தோளும் தெரியாது.

இன்னொரு துண்டு வெட்ட முந்தானை மிச்சமில்லை. ஒரு சேலைக்கு ஒரு முந்தானைதான். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். மாமியின் முகம் வந்தது. சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து நிமிராத அவர் முகம் வந்தது. ஏலாது என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் மேலேயே கோபமும் வந்தது. கூறையைக் கெடுத்துவிட்டுப் பழியைத் தூக்கி அவர் தலையில் போடப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

எழும்பித் துண்டுகளை ஒதுக்கும்போது ஒன்று புரண்டு கவிழ்ந்து விழுந்தது. அதைப் பார்த்தேன். கவிழ்ந்து கிடந்தது வலது பக்கம்! உள்பக்கத்தை வெளியே திருப்பினால் இடது வலதாகிவிடுகிறது. எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், எனக்கு அப்போதுதான் வெளித்தது. நல்ல நெசவு. உள்பக்கத்தில் ஒரு நூல் அறுந்து தொங்கவில்லை. முன்பக்கத்தில் தங்கம் கண்ணைப் பறித்தது. உள்பக்கத்தில் சிவப்புத்தான் முன்னுக்கு நின்றது, தங்கம் அதற்குள் மெல்லிய கோடுகளாக அடங்கிக் கிடந்தது. இரண்டையும் நெஞ்சில் சேர்த்து வைத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு பக்கம் கல்யாண வீடு, மற்றப் பக்கம் நான்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சரியாக வெட்டியிருந்தால் ஒரு நல்ல கோட் வந்திருக்கும், அவ்வளவுதான். இது வேறு யாரிடமும் இருக்க முடியாத கோட். அன்று மத்தியானம் சாப்பிடவும் மறந்து மெசினில் இருந்தேன். அடுத்த இரண்டு வாரமும் அவர் ஷிப்டுக்குப் போகும் நேரமெல்லாம் தைத்தேன். அவர் திரும்பி வருமுன் கட்டில் விரிப்பில் சுற்றி உள்ளே வைத்தேன். அவர் கேட்கவில்லை. நான் காட்டவில்லை. தைக்கும் சந்தோஷமும் அவர் என்ன நினைப்பாரோ என்ற பயமும் எனக்குள் ஒன்றாகவே ஓடின.

பூசைக்குரிய ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். அவர் கீழே சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு, நேரமாகுது என்று சொல்லிவிட்டுக் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கோயில் வரைக்கும் அவர் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். என்னை நான் இவ்வளவு வடிவாக ஒரு நாளும் கண்டதில்லை, அந்த வடிவோடு அழுகையை அடக்கிக்கொண்டு இருந்தேன். மன்னிப்புக் கேட்போமா என்று இரண்டு தடவை வாய் திறந்தேன். ஆனால் அந்தக் கோட்டுக்காக நான் வருந்தவில்லையே, பொய்யாக எப்படிக் கேட்பது?

கோயில் முற்றத்தில் அக்கா நின்றாள். கோபத்தை மறந்து வந்திருந்தாள். கோட்டைக் கண்டதும் முதலில் கண் விரிந்தது, அதை நான் கண்டேன். அடுத்த நிமிடம் கிட்ட வந்து தடவிப் பார்த்தாள். அக்காவின் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

"இதென்னடி, இந்தப் பக்கம் உள்பக்கமெல்லோ? மாறித் தைச்சுப்போட்டாய்" என்றாள். முற்றத்தில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கும் கேட்டது. பிழையைப் பிழை என்று சொல்வதா, ஸ்டைல் என்று சொல்வதா?

அவர் கிட்ட வந்தார். வலது பக்க ஓரத்தைப் பிடித்து இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்துப் பேசினார்.

"மச்சாள், அண்டைக்கு அம்மாவோட கடைக்கு நான்தான் போனனான். அவா ஒரு சேலையின்ரயும் முன்பக்கத்தைப் பாக்கேல்லை. விரிக்க விரிக்க எல்லாத்தையும் திருப்பி உள்பக்கத்தைத்தான் பாத்தவா. கடைக்காரனுக்கே அலுத்துப்போச்சு. இந்தப் பக்கத்தைப் பாத்துத்தான் இதை எடுத்தவா."

இருபத்தைந்து வருடத்தில் அவர் ஒரேயடியாக இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அக்கா கோட்டிலிருந்து கையை எடுத்தாள். நான் அழுதேன், முற்றத்தில் எல்லோருக்கும் முன்னால், மூக்கு வழிய வழிய அழுதேன். அவர் கைலேஞ்சியைத் தந்தார்.

பூசை முடியும்போது சுவாமி வெள்ளிவிழாத் தம்பதிகளை முன்னுக்கு வரச் சொன்னார். அவர் என் இடப்பக்கத்தில் இருந்தவர். எழும்பினார், நாங்கள் இருந்த வாங்கைச் சுற்றிக்கொண்டு, துணியின் உள்பக்கம் வெளியே தெரிந்த மற்றப் பக்கத்தால் வந்தார், என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே நடந்துபோனோம்.