ஓணம் முடிந்த பிறகு வந்த சேனை

அண்ணனின் ஜீப் அன்று மாலை எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது, காலையில் அதன் மேலே கட்டியிருந்த சேனைக்கிழங்கு மூட்டைகள் கட்டு அவிழாமல் அப்படியே இருந்தன. மதினி காய்ச்சலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மூட்டைகளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி மூட்டைகளைப் பார்த்தார். அண்ணன் இறங்கவே இல்லை. வண்டியில் ஏதோ கோளாறு இருப்பதுபோல கியரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். பாவம், அந்த ஜீப்பில் அன்றைக்கு எந்தக் கோளாறும் இல்லை. எங்கள் வீட்டின் ஒரு மாத மளிகைப் பணம் முழுவதும் சேனையாக மாறி அதன் தலைமேல் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கம்பம் ஊரில், எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீடுகளும் வாரக் கணக்கில் ஓடுபவை. பெண்கள் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, மலை தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போவார்கள். பொழுது சாயத் திரும்புவார்கள். வாரக் கடைசியில் கூலி. ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்கக் கறிக்குழம்பு மணக்கும். புதன்கிழமை எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை கடைக்காரரிடம் கடன் சொல்லிவிட்டு வருவார்கள். அவர்களை ஏற்றிப்போகும் டிரைவர் என் அண்ணன். அவருக்கும் வாடகை வாரக் கடைசியில்தான் வரும். அம்மா அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அண்ணன், மதினி, நான், மூன்றே பேர். நான் பிளஸ் டூ முடித்ததும் ஜீப்பில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மதினிதான் குறுக்கே விழுந்தார். "ஜீப்புல எடம் என்னைக்கும் கெடக்கும். நர்சிங் சீட்டு என்னைக்கும் கெடக்குமா?" அந்த ஒரு கேள்விதான் என்னை மலைக்கு ஏறவிடாமல் தேனி பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

சீட்டு கிடைத்தது. பருவந்தோறும் கட்ட வேண்டிய பணத்துக்கு எங்கே போவது? ஜீப்பின் வாடகையில் பெரும்பகுதி டீசலுக்கும் ஜீப் கடனின் தவணைக்கும் போய்விடும். மிச்சம் பிடிக்க இடம் இருந்தது அடுப்படியில் மட்டும்தான். மதினி வாரக் கூலி ஊரில் மாதக் கணக்கைக் கொண்டுவந்தார். மளிகைக்கென்று ஒரு தொகை, கல்லூரிக்கென்று ஒரு தொகை. ஒன்றை ஒன்று தொடக்கூடாது. மாதத்துக்கு ஒரே ஒரு தடவைதான் கடை; தீர்ந்தால் தீர்ந்ததுதான். எண்ணெய்ப் புட்டியில் வாரத்துக்கொன்றாக ரப்பர் பேண்டுகளை மாட்டி, இந்த வாரம் இந்தக் கோடு வரைக்கும்தான் என்று எங்களுக்குக் காட்டினார். தெருவில் சிரித்தார்கள். "ஆபீசர் வீட்டுக்கு ஒண்ணாந்தேதி சாமான் எறங்குது, எல்லாரும் வழி விடுங்கடி" என்பார்கள். மதினியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் இரண்டாவது தடவை கடைக்குப் போகமாட்டார். வீரபாண்டித் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் திரண்டு வந்தால் மட்டும் ரப்பர் பேண்டுகளைக் கழற்றி வளையலோடு கையில் போட்டுக்கொள்வார். வந்தவர்களுக்கு அளவு தெரியக்கூடாது என்பது அவருடைய சட்டம். அவர்கள் பஸ் ஏறியதும் பேண்டுகள் புட்டிக்குத் திரும்பும், நாங்கள் மாதக் கடைசி வரை ரசத்துக்குத் திரும்புவோம்.

ஒருநாளும் அதை அவர் தியாகம் போல முகத்தில் காட்டியதில்லை. எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான். கஞ்சத்தனத்துக்கு மூஞ்சி சுளிப்பு ஒன்று உண்டு. மதினியிடம் அது கிடையாது. துவரம்பருப்பு குறைந்த நாளில் தட்டாம்பயறு போட்டுக் குழம்பு வைத்துவிட்டு, "இன்னைக்கு ஒங்க அண்ணனை ஏமாத்திட்டேன் பாரு" என்று எனக்குக் கண்ணைக் காட்டுவார். அண்ணன் அதைச் சப்புக்கொட்டிச் சாப்பிடுவார். ஏமாந்தாரா, ஏமாந்த மாதிரி இருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியைத்தான் சேனை குடைசாய்த்தது. அந்த மாதம் மதினிக்குக் காய்ச்சல். எனக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி. ஆகவே மளிகை வாங்கும் வேலை அண்ணனிடம் போனது. அவர் கடைக்குப் போகும் வழியில் காய்கறி மார்க்கெட் இருந்ததுதான் வினை. ஓணத்துக்குக் கேரளா ஏற்ற வியாபாரிகள் வாங்கிக் குவித்த சேனை, மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து லாரிகள் போக முடியாமல் அங்கேயே தேங்கிக் கிடந்தது. பாதை சரியாவதற்குள் ஓணம் முடிந்துவிட்டது. அடிமாட்டு விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்குப் புத்தி வேலை செய்தது. எப்படியும் நாளைக்குக் காலையில் நம் ஜீப் மலைக்குப் போகிறது. மேலே தெரிந்த கடைகள் இருக்கின்றன. விற்றுவிட்டால் மளிகையும் வாங்கலாம், மதினிக்கு ஒரு சேலையும் எடுக்கலாம். நினைப்பு நல்ல நினைப்புதான். தினமும் கேரளாவுக்குப் போய்வருகிற மனிதர், ஓணம் முடிந்த மறுவாரம் மலையாளிக்குச் சேனை விற்கக் கிளம்பினார். மேலே ஒரு கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டாராம். "ஓணம் கழிஞ்சு, சேட்டா. எங்க வீட்டுலயே தின்னு தீரலை. இனி கொஞ்ச நாளைக்குச் சேனையைக் கண்ணுல காட்டாதே."

அண்ணன் ஒருவழியாக ஜீப்பிலிருந்து இறங்கி இதையெல்லாம் சொல்லி முடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கல்லூரிக் காசிலிருந்து இந்த ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், அப்புறம் எப்படியாவது வைத்துவிடுகிறேன் என்றார். அந்த மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் என்னைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அது மூன்று பேருக்கும் தெரியும். நான்தான் முந்திக்கொண்டேன். "எடுத்துக்கோங்க மதினி. நான் அடுத்த தடவை எழுதிக்கிறேன்." அதுவரை அண்ணனைத் திட்டாத மதினி என் மேல் பாய்ந்தார். "நீ பேசாத. ஒரு தடவை தொட்டா அதுக்குப் பேரு கல்லூரிக் காசு இல்ல, மளிகைக் காசு. அப்புறம் மாசாமாசம் ஒரு சேனை வரும்." பிறகு மூட்டைகள் பக்கம் திரும்பினார். "அரிசி ரேசன் கடையில வந்துரும். இதைத் திங்கணும்னா மொதல்ல புளி வேணும்" என்றார்.

புளி இல்லாமல் சேனையைச் சமைத்தால் நாக்கும் தொண்டையும் அரித்து உயிரை எடுத்துவிடும். மறுநாள் விடியலில், காய்ச்சல் விட்டும் விடாமலும் இருந்த மதினி, அரிவாளோடு ஜீப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். வேலைக்கு ஏற வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு துண்டு சேனையை வெட்டிக் கொடுத்தார். "காசு வேணாம். சாயந்தரம் வீட்டுல இருக்கறதுல ஒரு கை குடுங்க. புளி இருந்தா ரொம்ப நல்லது" என்று வெட்கத்தை விட்டுக் கேட்டார். எனக்குத்தான் முகம் சுண்டிவிட்டது. ஆபீசர் வீடு என்று கேலி பேசியவர்களிடமே கை நீட்டுகிறாரே என்று கூசிப்போய், பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடையைக் கட்டினேன்.

மாலை நான் திரும்பியபோது வாசலில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். சண்டையோ என்று பயந்து ஓடினேன். உள்ளே முறத்தில் புளி உருண்டை, கொட்டாங்கச்சியில் மிளகாய், துணி முடிச்சுகளில் பயறும் நிலக்கடலையும், ஓரத்தில் இரண்டு தேங்காய். ராயப்பன்பட்டியிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த அக்கா ஒருத்தி, பிறந்த வீட்டுத் தோப்புப் புளி என்று பெருமையாகக் கொட்டிவிட்டு நகராமல் நின்றார். "ஏத்தா, கேக்கேன்னு தப்பா நெனைக்காத. மாசக் கடைசியிலயும் ஒன் வீட்டுல எண்ணெய் இருக்குதே, அது எப்படி? எங்க வீட்டுல புதன்கெழமையே சட்டி காஞ்சுருதே." மதினி ரப்பர் பேண்டு மாட்டிய புட்டியை எடுத்துவந்து காட்டினார். அந்தக் கணத்தில் யாரும் சிரிக்கவில்லை. கையிலிருந்து கைக்கு அந்தப் புட்டி போய்க்கொண்டே இருந்தது.

அந்த மாதம் நாங்கள் சேனையை எல்லா வேஷத்திலும் சாப்பிட்டோம். வறுவல், மசியல், புளிக்குழம்பு, கடைசிக் கடைசியில் சேனை வடை. அண்ணன் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் தொங்கப்போடுவார். மதினி வேண்டுமென்றே அவருக்கு இன்னொரு கரண்டி வைப்பார். மாதக் கடைசியில் நான் பணம் கட்டினேன், பரீட்சை எழுதினேன். அதற்கடுத்த மாதத்திலிருந்து ஜீப்பில் போகும் பெண்களெல்லாம் கூலியில் கொஞ்சம் ஒதுக்கிச் சேர்த்துவைத்து, பருப்பு மூட்டையும் எண்ணெய் டின்னும் மொத்தக் கடையில் எடுத்து, எங்கள் வீட்டு முற்றத்தில் பங்கு போட ஆரம்பித்தார்கள். தெருவே ஒண்ணாந்தேதி சாமான் இறக்கியது. மலிவாகக் கிடைக்கிறதே என்று எதையாவது வாங்கலாமா என்ற பேச்சு வந்தால் மட்டும் எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் எழுந்து ஜீப்பைத் துடைக்கப் போய்விடுவார். அந்தப் பங்கு இன்றும் நடக்கிறது. இப்போது சாமான் வந்ததும் போனில் குரூப்பில் சொல்லிவிடுகிறார்கள், அதுதான் வித்தியாசம்.

நான் இப்போது தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தனியாக ஒரு வீடு பிடித்திருக்கிறேன். சம்பளம் வந்தாலும் மளிகைக்கு ஒரு தொகை வைத்து அதற்குள்தான் ஓட்டுகிறேன். கூட வேலை செய்பவர்கள் கேலி செய்கிறார்கள், எனக்குப் பழக்கம்தான். போன மாதம் மதினி முதல்முறையாக என் வீட்டில் தங்க வந்திருந்தார். வந்தவர் உட்கார்ந்து சாப்பிடுவார் என்று பார்த்தால், என்னை உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பரவால்ல, ஒழுங்காத்தான் வச்சிருக்க" என்றார். பரீட்சையில் தேறியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. சுடுசோறும் பருப்பும் வைத்தார். நெய்ப் புட்டியை எடுத்துக் கரண்டி இல்லாமலே சாய்த்தார். நெய் பருப்பின் மேல் வழிந்து, சோற்றில் இறங்கி, தட்டின் ஓரம் வரை ஓடியது. அவர் நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை.

"போதும் மதினி, மாசம் பூரா வரணும்" என்றேன்.

"சும்மா இரு பாப்பா. அப்ப நீ வளர்ற புள்ள. ஒன் தோசைக்கு எண்ணெயை அளந்து அளந்து விட்டுட்டு, நீ திங்கிறதை நின்னு பாக்க முடியாம அங்கன கொல்லைப் பக்கம் போயிருவேன். அது ஒனக்குத் தெரியாது." புட்டியை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "இன்னைக்கு நீ திங்கிறதைப் பாக்கணும்."

இன்னும் ஊற்றட்டும் என்று நான் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். மதினி என் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.