நகராத மஞ்சள் கோடு

என் அக்காவின் கணவர், அத்திம்பேர் பத்ரிநாராயணனுக்கு ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. பையன்களுக்கு முப்பட்டகம் எடுத்துக் கொடுப்பதும், உடைத்தால் திட்டுவதும்தான் உத்தியோகம். மற்றபடி மனிதருக்கு ஒரே பைத்தியம் ஆண்ட்ரமீடா. நம் பால்வீதிக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும் இன்னொரு நட்சத்திரக் கூட்டம் அது. அது நம்மை நோக்கி வருகிறது என்று மேல்நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மயிலாப்பூர் மாடியிலிருந்து தானும் ஒரு தடவை அதைப் பிடித்துவிட வேண்டும் என்று இவருக்கு ஆசை.

எப்படிப் பிடிப்பது என்று எனக்குச் சொல்லிச் சொல்லியே என் காது புளித்துவிட்டது. தொலைநோக்கியில் விழும் ஒளியை முப்பட்டகம் நிறம் நிறமாகப் பிரிக்கும். அங்கே என்ன வாயு இருக்கிறதோ அதற்குரிய கோடு அதில் விழும். நம் பக்கம் வருகிற கூட்டமென்றால் கோடு ஊதாப் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, இதையெல்லாம் பதியும் போட்டோத் தகட்டின் இரண்டு ஓரங்களிலும் உப்பு போட்ட ஸ்பிரிட் விளக்கின் மஞ்சள் கோட்டைப் பதித்துக்கொள்வார்.

1943ஆம் வருஷம் அது. யுத்தத்துக்காகப் பட்டணம் முழுக்க இருட்டடிப்பு. நட்சத்திரம் பார்க்க இதைவிட வசதி எந்த ஜன்மத்தில் கிடைக்கும்? ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஆண்ட்ரமீடா தலைக்கு மேலே வந்தபோது அதற்கும் கீழே மேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. அத்திம்பேர் குடையோடு மாடியில் நின்று பல்லைக் கடித்தார். பதிவு செய்யும் கண்ணாடித் தகடும் கடைகளில் இல்லை. திருவல்லிக்கேணி ஸ்டூடியோ காதர் பாய் மனசு இரங்கி, தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே தகட்டைக் கொடுத்தார்.

மார்கழியில் வானம் வெளிவாங்கியது. ஒளி அவ்வளவு மங்கல் என்பதால் அதே தகட்டில் சாயங்காலம் தோறும் பதிய வேண்டும். பூமி சுற்றுகிற வேகத்துக்குத் தொலைநோக்கிக் குழாயைக் கையாலேயே திருக வேண்டும். திருகியது நானும்தான். கழுத்து ஒடிந்தது. சாப்பிடப் போகும்போது தகட்டைத் தொட்டால் அசைந்துவிடும் என்று குழாயின் வாயைக் கறுப்புத் துணியால் கட்டிவிட்டுப் போவார்.

கடைசியில் தகட்டைக் கழுவினோம். நடுவே மஞ்சளுக்குரிய இடத்தில் பளிச்சென்று ஒரு கோடு. அத்திம்பேர் என்னைக் கட்டிக்கொண்டார். கல்லூரி மைக்ராஸ்கோப்பில் அளந்துவிட்டு வந்தவர் முகம் தொங்கிப்போயிருந்தது. ஓரத்துக் கோடுகளும் நடுக்கோடும் ஒரே நேராக நின்றனவாம். மயிரிழைகூட நகர்வு இல்லை. ஊரெல்லாம் ஓடிவருகிறது என்று சொல்லும் ஆண்ட்ரமீடா இவருக்கு மட்டும் நிலைத்தேர் மாதிரி நின்றது. நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கண்டவர்மேலெல்லாம் எரிந்து விழுந்தார்.

ஐந்தாம் நாள் இலையில் உட்கார்ந்து, நகராத கோடு ஆண்ட்ரமீடாவுடையதாக இருக்க முடியாது, இங்கேயே எரிந்த உப்பின் கோடுதான், அது எங்கிருந்து வந்தது என்று என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தார். மோர் விட வந்த என் அக்கா அபயாம்பாள் நின்றாள்.

"நான்தான்னா மாடியில உப்பு மிளகாய் சுத்திப் போட்டேன். உங்காத்துக் குழாய் பீரங்கியாட்டம் இருக்குன்னு பக்கத்தாத்து ஜெயலக்ஷ்மி மாமி கண் வெச்சுட்டுப் போனா. அதான் தினம் மேகம் மூடித்து. மறுபடியும் மூடிடப்படாதேன்னு, நீங்க சாப்பிட வந்தப்போ குமுட்டி அடுப்பை மேலே எடுத்துண்டு போய், கற்பூரத்தையும் சேர்த்துக் கொளுத்தினேன்."

"குழாய் வாயைத் துணியால கட்டியிருந்தேனே?"

"அவுத்துட்டுத்தான் சுத்தினேன். முகத்தை மூடிண்டிருந்தா திருஷ்டி எப்படிக் கழியும்?"

கத்தித் தீர்ப்பார் என்று பார்த்தேன். எழுந்து கையலம்பப் போய்விட்டார். எனக்குத்தான் ஆத்திரம். அக்காவைத் திட்டலாமென்றால், அவள் மோர்ச் செம்பைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். அவருக்கு நல்லது நடக்கட்டும் என்றுதானே சுற்றினாள். யாரை நொந்துகொள்வது?

யுத்தம் முடிந்தது. தகடும் கிடைத்தது, காதர் பாயே சொல்லியனுப்பினார். அதற்குள் மாட வீதியில் விளக்கெல்லாம் எரிய ஆரம்பித்துவிட்டது. மாடியில் ஏறிப் பார்த்தால் வானமே வெளுத்துக் கிடந்தது. ஆண்ட்ரமீடா நம்மை நோக்கி இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறதாம். எங்கள் அத்திம்பேர் மாடிக்கு மட்டும் அது வந்து சேரவே இல்லை.