மாமன் மகனின் பகா எண்

எழுபதுகளின் கடைசியில், எம்.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டுப் போடியில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு என் தாய்மாமன் தன் டுட்டோரியலில் வேலை கொடுத்தார். அவருக்கு ஏலக்காய் வியாபாரம். டுட்டோரியல் அவர் மகனுக்காகக் குடோனுக்கு மேலே கட்டியது. அந்த மகனுக்குத்தான் என்னையும் பேசி வைத்திருந்தார்கள். வேலை பிடித்திருந்தது, மாப்பிள்ளை பிடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் மாப்பிள்ளைக்கு ஞானம் பிறந்தது. 2, 3, 5, 7, 11, 13, 17 என்று முதல் ஏழு பகா எண்களையும் பெருக்கி, ஒன்றைக் கூட்டினார். 5,10,511 வந்தது. அந்த ஏழில் எதால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். அவ்வளவுதான், இது எதாலும் வகுபடாத பகா எண் என்று முடிவுகட்டி, டுட்டோரியல் சுவரில் பச்சைப் பெயின்ட்டில் ஆளுயரத்துக்கு எழுதவைத்துவிட்டார். கீழே, 'போடிநாயக்கனூரில் கண்டுபிடிக்கப்பட்டது' என்று வேறு! ஏலத்துக்கு வந்த வியாபாரிகள் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார்கள். புரிந்தா ஆட்டினார்கள்? மாமன் வாங்கிக் கொடுத்த காபிக்கு ஆட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினேழுக்கு அடுத்த பகா எண் பத்தொன்பது. அதால் வகுத்துப் பார்த்தேன். மீதியே இல்லாமல் போனது. 19 பெருக்கல் 26,869. அந்த 26,869-உம் 97, 277 என்று இரண்டாக உடைந்தது. அட கூறுகெட்ட மனுசா! கீழே உன் அப்பா ஏலக்காயைச் சல்லடை மாற்றி மாற்றிச் சலித்து ரகம் பிரிக்கிறார். நீ ஏழு சல்லடையோடு கையை உதறிவிட்டாயே!

மறுநாள் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, சுவரில் இருக்கும் எண் எப்படிப் பகா எண் ஆகும் என்று கேட்டாள். கரும்பலகையில் வகுத்தே காட்டினேன். மதியத்துக்குள் சேதி பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டது.

மாப்பிள்ளை மூச்சு வாங்க மாடியேறி வந்தார். "பதினேழு வரைக்கும் பாத்தாச்சுல்ல? அதுக்கு மேலயும் எவன் பாப்பான்?"

"நான் பாத்தேன் மச்சான்."

சாயங்காலம் மாமன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கோபப்படவில்லை. பேரம் படியப் பேசுகிற குரல்.

"ஏத்தா, நாலு எழுத்துப் படிச்சுட்டா பெரிய இவளா நீயி? நாளைக்கு வகுப்புல, நாந்தான் தப்பா வகுத்துட்டேன்னு சொல்லிரு. வர்ற தையில கல்யாணத்த முடிச்சிருவோம்."

"சொல்லலைன்னா மாமா?"

"வேலையும் கெடையாது, எம் மகனும் கெடையாது. பேசாம வீட்ல கெட."

அம்மா கையைப் பிசைந்தாள். "பத்தொன்பதால போனா என்ன, போகாட்டி என்னடி? சொல்லித் தொலையேன்."

எத்தனை நாளாகச் சொல்ல முடியாமல் தவித்திருப்பேன்! அதை மாமனே வெற்றிலை பாக்கு வைக்காத குறையாகக் கொடுக்கிறார். வேலை போவது வலிக்கத்தான் செய்தது. அதையும் மீறிச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைப் பாவம்போல வைத்துக்கொண்டேன்.

"பத்தொன்பதால வகுபடுது மாமா."

அந்தத் தையில் நான் வீட்டில்தான் கிடந்தேன். அத்தனை நிம்மதியான தை எனக்கு அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, வேறொருவரைக் கட்டிக்கொண்ட பிறகும் வாய்க்கவில்லை.