கையேட்டில் இல்லாத ஏழாம் பக்கம்

1983 ஐப்பசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: ‘ஆம்பூர். கருவி காட்டினோம். மாமா சரி என்றார்.’ மாமா என் அக்காவின் கணவர். குடியாத்தத்தில் நான்கு விசைத்தறி வைத்து லுங்கி நெய்தவர்.

கருவி என் கல்லூரித் தோழன் செய்தது. பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள். அதை அளக்க ஊசிச் சக்கரங்கள் வைத்த பெரிய இரும்பு மிஷின்கள் இருந்தன. தோழன் அதற்குப் பதிலாக ஒரு வரிசை விளக்குகளையும், எதிரே ஒளியை உணரும் கண்களையும் வைத்தான். நடுவே தோல் நகரும்போது, அது மறைக்கிற வெளிச்சத்தைக் கொண்டு பரப்பளவு சிவப்பு எண்களில் எரியும். அந்த நாளில் அது அதிசயம்தான். இப்போதும் அதை மறுக்க மாட்டேன்.

தொழில் தொடங்கப் பணம் போடுகிறவர்களுக்கு ஒரு கையேடு வேண்டும் என்றான். காட்பாடியில் பௌதிக ஆசிரியராக இருந்த நான் எழுதிக்கொடுத்தேன். ஆறு பக்கம் கருவியின் பெருமை. ஏழாம் பக்கத்துக்கு ‘இக்கருவியால் இன்னும் இயலாதவை’ என்று தலைப்பு வைத்தேன். சாயமேறாத மெல்லிய ஆட்டுத்தோலை வெளிச்சம் ஊடுருவுகிறது, அளவு குறைத்துக் காட்டுகிறது, இதற்கு இன்னும் வழி தெரியவில்லை என்று அதில் இருந்தது.

அந்த ஞாயிறு காலை தோழன் அந்தத் தாளை மட்டும் உருவி என் சட்டைப் பையில் செருகினான்.

“பொண்ணு பார்க்க வர்றவன்கிட்ட ஜாதகத்துல இருக்கிற தோஷத்த நீயே வட்டம் போட்டுக் காட்டுவியாடா? கேட்டா சொல்லிக்கலாம்.”

அன்று பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர். மாமா ஒருவர். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி வைத்திருந்த பாய் ஒருவர். தோழன் கறுப்புச் சாயமிட்ட கனத்த மாட்டுத்தோல்களை ஒவ்வொன்றாக விட்டான். எண் பிசகவே இல்லை. மாமா குனிந்து குனிந்து பார்த்தார்.

பாய் தன் வண்டியிலிருந்து ஒரு கட்டு சாயமேறாத ஆட்டுத்தோலைக் கொண்டுவரச் சொல்லி, நடுவிலிருந்து ஒன்றை உருவினார். இந்தத் தொழிலில் கட்டின் மேலே இருக்கும் தோலை யாரும் நம்புவதில்லை. தோலின் பின்புறம் பழைய மிஷினின் அளவு பென்சிலால் எழுதியிருந்தது. சிவப்பு எண் அதைவிடக் குறைவாக எரிந்தது. மாமா சிவப்பு எண்ணை மட்டும் பார்த்தார். பாய் இரண்டையும் பார்த்தார். தோலை மடித்தார்.

“ஷோக்கா இருக்கு தம்பி. நல்லா வருவீங்க” என்று இரண்டு கையாலும் தோழன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

பிறர் முன்னால் ஒருவன் சரக்கைப் பழிப்பது ஆம்பூரில் மரியாதையில்லை. வேண்டாம் என்பவர்தான் புகழ்ந்துவிட்டுப் போவார். அந்த ஊரில் வளர்ந்த எனக்கு அது தெரியும். குடியாத்தத்து வழக்கம் வேறு.

“பார்த்தியா மச்சான்? பாய் ஒரு குத்தம் சொல்லல. எங்க ஊர்ல வாங்க வந்தவன் துணிய வெளிச்சத்துல புடிச்சி நூறு குத்தம் சொல்லுவான். வாய மூடிக்கினான்னா சரக்கு சுத்தம்” என்றார் மாமா. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “நீ படிச்சவன். இதுல இன்னா பயம் கீது, சொல்லு.”

அவர் கேட்டுவிட்டார்.

“எதுலதான் பயமில்ல மாமா” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

பொங்கலுக்குள் நான்கு தறிகளையும் விற்றுப் பணம் போட்டார். அடுத்த ஆடிக்குள், வாங்கியவர்கள் கருவிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கருவி செய்த கூடம் மூடியது. தறிகளை வாங்கியவரிடமே மாமா கூலிக்குப் போனார். அதே தறிகள். அக்கா எனக்குச் சோறு போடுவாள், பேச மாட்டாள்.

1988இல் பெங்களூரிலிருந்து தோழனின் புதிய கம்பெனிக் கையேடு தபாலில் வந்தது. கருவியைச் சரிசெய்துவிட்டான். ‘முதலீட்டாளர்களிடம் நாங்கள் எதையும் மறைப்பதில்லை’ என்ற தலைப்பின் கீழ், முதல் கருவியின் குறையாக என் ஏழாம் பக்கம் ஆங்கிலத்தில் வரி பிசகாமல் இருந்தது. கார்பன் நகல் அவனிடம் இருந்திருக்க வேண்டும்.

அதை எடுத்துக்கொண்டு குடியாத்தம் போனேன். மாமா தறியை நிறுத்தினார். அந்தப் பக்கத்தைத் தமிழில் சொன்னேன்.

“இது எப்ப எழுதினது?”

“அப்பவே. நீங்க கேட்டப்ப என் பையில இருந்துச்சு.”

அவர் எழுந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஷோக்கா எழுதிக்கீற தம்பி” என்றார்.

அதற்கு முன் ஒருநாளும் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.