மூன்று நாள் வயதுக்காரனின் வெள்ளையணுக்கள்

மேனுகாவுக்கு நோயாளிகளின் முகம் தெரியாது. வெள்ளவத்தையில் பஸ் பிடித்துப் போய், கொழும்பின் பெரிய வைத்தியசாலை ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருடமாக வேலை செய்கிறாள். நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைக்கிற கண்ணாடித் தகட்டில் ஓர் இலக்கம் இருக்கும், அவ்வளவுதான். பார்ப்பாள், எண்ணுவாள், கையெழுத்து வைப்பாள். "மனுசரோட கதைக்கிறதை விட இது லேசு" என்று கணவன் ஜனாவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குழந்தைப் பிரிவிலிருந்து அவசரமாக ஓர் இரத்த மாதிரி வந்தது. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட ஆண் குழந்தை. வயது மூன்று நாள். பால் குடிக்கவில்லை, உடம்பு குளிர்கிறது என்று சீட்டில் எழுதியிருந்தது.

தகட்டை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்த மேனுகாவின் கை நின்றது. ஒரு வெள்ளையணுவின் வயிற்றுக்குள் இரண்டு கருநீலப் புள்ளிகள், ஒன்றோடொன்று ஒட்டியபடி. பற்றீரியாக் கிருமிகள்! அந்த அணு அவற்றை விழுங்கி, சுற்றிக் குமிழி கட்டி, கரைக்கத் தொடங்கிய நிலையிலேயே தகட்டில் காய்ந்திருந்தது. இரத்தத்தில் இப்படிக் கண்ணால் காண்பது அபூர்வம். இதற்கு முன் இரண்டே தடவைதான் கண்டிருக்கிறாள், இரண்டும் வளர்ந்தவர்களின் இரத்தத்தில்.

உடனே குழந்தைப் பிரிவு டொக்டர் வினோதனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"டொக்டர், செல்லுக்குள்ள பற்றீரியா கிடக்குது. வடிவாத் தெரியுது."

"காலமையே மருந்து தொடங்கிட்டன். இப்ப டோஸைக் கூட்டுறன். நாளைக்கும் ரத்தம் அனுப்புறன், நீங்களே பாருங்கோ."

மறுநாள் தகட்டில் வெள்ளையணுக்கள் அருகிப் போயிருந்தன. பிறந்த குழந்தையின் எலும்புக்குள் அவற்றின் கையிருப்புக் கொஞ்சந்தான். சண்டை நீண்டால் அனுப்ப ஆளிராது. கடைசி மாதங்களில் தாயிடமிருந்து இறங்கவேண்டிய, கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளும், முந்திப் பிறந்ததால் இவனுக்கு முழுதாகச் சேரவில்லை. மேனுகா அன்று மதியச் சோற்றைத் திறக்கவேயில்லை. பின்னேரம், பதினேழு வருடத்தில் முதல் தடவையாக, மாடியேறிக் குழந்தைப் பிரிவுக்குப் போனாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முழங்கூட வராத உடம்பு. பக்கத்தில் தாய், மாளிகாவத்தையைச் சேர்ந்த அஸ்கா, மஞ்சள் நிறச் சீம்பாலைச் சொட்டுச் சொட்டாகச் சிரிஞ்சில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மூணு சொட்டால என்ன ஆகப்போகுது மிஸ்? புள்ள குடிக்கவும் மாட்டேங்கிறான். கன்னத்துக்குள்ள தடவச் சொல்றாங்க."

"தடவுங்கோ தங்கச்சி. அதுக்குள்ள உங்கட உடம்பு அனுப்பிற காவல் இருக்கு. கிருமியை வாயிலயும் குடலிலயும் லேசில ஒட்ட விடாது." மேனுகா பெட்டியருகே குனிந்தாள். பிறகு சொன்னாள்: "நான் உங்கட பிள்ளையின்ர ரத்தத்தைப் பாத்தனான். பிறக்கும்வரைக்கும் அவர் ஒரு கிருமியையும் கண்டிருக்கமாட்டார். ஆரும் பழக்கேல்லை. ஆனா பிடிச்சு விழுங்கியிருக்கிறார்."

"எண்ட புள்ளயா?"

அஸ்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு சிரிஞ்சை மறுபடி கையில் எடுத்தாள்.

வியாழக்கிழமை வெள்ளையணுக்களின் எண்ணிக்கை இன்னும் இறங்கியது. வெள்ளி காலை மேனுகா தகட்டை வைத்துக் கண்ணைப் பதித்தாள். பார்த்த இடமெல்லாம் வெள்ளையணுக்கள்! அணுவின் நடுவிலுள்ள கரு இன்னும் துண்டுபடாமல், லாடம் போல வளைந்தபடி, முதிரக்கூட நேரமில்லாமல் எலும்புக்குள்ளிருந்து ஓடி வந்த இளசுகள். எண்ணத் தொடங்கியவள் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பக்கத்து மேசை இராசரத்தினம் அண்ணையைக் கூப்பிட்டாள். எதற்கும் இலேசில் எழும்பாத மனிதர் அவர். குனிந்து பார்த்தவர் கனநேரம் நிமிரவில்லை.

"இவ்வளவும் அந்தச் சின்ன எலும்புக்குள்ளயிருந்தோ வந்தது?" என்றார் கடைசியில்.

மேனுகாவுக்கு இது புதிதல்ல. படித்த விஷயந்தான். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறாள். ஆனாலும் கண் கலங்கியது.

இரண்டு கிழமை கழித்து அஸ்காவும் கணவன் பாயிஸும் வீட்டுக்குப் போகும் வழியில் குழந்தையோடு ஆய்வுகூட வாசலில் வந்து நின்றார்கள். துணிக்கு வெளியே நீண்டிருந்த சின்னக் குதிகாலில் ஊசி குத்திய தழும்புகள்.

"தூக்குங்க மிஸ்" என்று பாயிஸ் நீட்டினான்.

"பொறுங்கோ, கையைக் கழுவிட்டு வாறன்" என்று மேனுகா குழாயடிக்கு ஓடினாள்.