மச்சானின் புள்ளி விழுந்த சட்டை

என் மச்சானிடம் காப்பிக்கலர் சட்டை ஒன்று இருந்தது. முன்பக்கம் முழுக்க வெள்ளைத் திட்டுகள், பிளீச்சிங் பவுடர் தின்ற இடங்கள். அதைத் தூக்கிப் போடச் சொல்லி என் மனைவி சண்டை போடுவாள். அவள் தம்பி கேட்கவே மாட்டான். அண்ணாமலை நகரில் வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளன். சோற்றில் உப்புப் போட்டால்கூட உப்பின் கதையை ஆரம்பிப்பான். எரிச்சலாக வரும், கேட்காமலும் இருக்க முடியாது.

சுனாமிக்குப் பிறகு மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கடலோர சனங்களைத் தங்க வைத்திருந்தார்கள். நாங்கள் இருவரும் தண்ணீர் வேலைக்குப் போனோம். எவனோ ஒருத்தன் தொட்டியில் பவுடரை அள்ளிக் கொட்டிவிட்டுப் போயிருந்தான். அளவாவது மண்ணாவது! வாயில் வைக்க முடியவில்லை. மச்சான் தொட்டியைக் கழுவி, அளந்து புதிதாகக் கலந்தான். சட்டை போனது அப்போதுதான். ஆனாலும் தண்ணீரில் லேசாக நெடி அடித்தது. சனங்கள் அதைத் தொடாமல், பின்னால் சாக்கடை இறங்கிய கிணற்றில் மொண்டார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்திருந்தது.

மச்சான் விளக்கம் சொல்லப் போனான். “முன்ன இத வச்சித் துணி வெளுத்தாங்க. அப்புறம் இதுல இருக்குற வாயுவத்தான் உலகச் சண்டையில வுட்டு ஆளுங்களச் சாவடிச்சாங்க. அதேதான் இப்பத் தண்ணியில கிருமியக் கொல்லுது.”

சண்டைக் கதையை எவனாவது அங்கே சொல்வானா?

குடத்தோடு நின்ற ஒரு அம்மா முறைத்தாள். “ஏந்தம்பி, கடலு வுட்டு வச்சதக் கொல்ல வந்தியா?” பிடித்த தண்ணீரைக் கீழே கவிழ்த்தாள்.

“வாய மூடு மச்சான்” என்று கத்தினேன். அவன் மூடவில்லை.

“அக்கா, கருவாட்டுக்கு எதுக்கு உப்பு?”

“புழு வெக்காம இருக்கத்தான்.”

“ஜாஸ்தி போட்டா?”

“எவன் துன்னுவான்?”

“இதுவும் அப்படித்தாங்க்கா. அளவுதான் எல்லாம்.”

அவள் யோசித்தாள். “மொதல்ல நீ குடி. பொழச்சிக் கெடந்தா நாங்க குடிக்கிறோம்.”

ஒரு சொம்பு குடித்தான். கூட்டமே அவன் முகத்தைப் பார்த்தது. அவன் ஏப்பம் விட்டான். யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா குடத்தைக் குழாயடியில் வைத்தாள்.

துணி வெளுத்ததும், ஆளைக் கொன்றதும், பிள்ளைகளைக் காப்பாற்றியதும் ஒரே சரக்கா? சிதம்பரம் வீட்டுக் குழாயில் இன்றைக்கும் அந்த நெடி வரும்போது இதைத்தான் யோசிக்கிறேன். அந்தச் சட்டை இப்போது என் வண்டி துடைக்கும் துணி. மற்ற இடமெல்லாம் கெட்டியாக இருக்கிறது. வெளுத்த திட்டுகள்தான் முதலில் கிழிந்தன.