சுவரில் முளைத்த ராகி

ஓசூரில் ஷிப்ட் முடிந்து, கால் கடுக்கக் கம்பெனி கேட்டருகே நின்றேன். பக்கத்தில் புதுக் கட்டட அஸ்திவாரத்துக்குத் தோண்டிய செம்மண் மழையில் நனைந்து மணத்தது.

நிலநடுக்கத்தில் காட்டோரம் இருந்த எங்கள் ஊர் வீடுகள் விழுந்த வருஷமும் இதே மணம். செம்மண்ணில் ராகித்தாளைப் போட்டு மிதித்து ஊரே சுவர் எழுப்பியது. அசதியில் தாளில் மிச்சமிருந்த கதிர்களை யாரும் பொறுக்கவில்லை. பத்தே நாளில் சுவரெல்லாம் பச்சையாக முளைத்துவிட்டது.

அம்மா ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். "யானை வாசம் புடிச்சு வந்து செவுத்தச் சாச்சா, மறுபடி மண்ணு மிதிக்கணும். இனி என் காலால ஆவாது."

கிள்ளாமல் விட்ட பக்கத்து வீட்டுச் சுவரை யானை சாய்த்தது. விடிந்ததும் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்கள் சுவருக்கு மண் மிதிக்க இறங்கினாள்.

போன் அடித்தது. அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டிய சாந்தி.

"அக்கா, புள்ளைக்குக் காய்ச்சல். என் ஷிப்ட நீங்க பாக்கறீங்களா?"

"காலால ஆவாதுடி" என்று சொல்லிக்கொண்டே கம்பெனிக்குள்ளே திரும்பினேன்.